கணக்காய்வுத் தேர்வுகளும் கையொப்ப உரிமையும்

ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி முதலிய ஊர்களினின்று நாள்தோறும் திண்டுக்கல்லுக்கு வந்து பயிலும் மாணவருள் பலர், பட்டம் பெற்றபின் கணக்குத் துறையிற் புகுந்து முன்னேற விழைகின்றனர். அன்னார்க்கு வழி இல்லாமை இடரன்று. வழி பலவாக இருத்தலே இடர். சி.ஏ., சி.எம்.ஏ., சி.எஸ்., ஏ.சி.சி.ஏ., சி.ஐ.ஏ., சி.ஐ.எஸ்.ஏ., சி.எப்.ஏ. என எழுத்துக்கள் மலிந்து கிடக்கின்றன. விளம்பரங்களோ இவை அனைத்தும் ஒரே நிறையினபோலக் காட்டுகின்றன. அவற்றை நம்பித் தாயின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துவோர், எந்த எழுத்து எந்த உரிமையைத் தரும் என்பதைச் செலுத்துமுன்னரே அறிதல் வேண்டும். தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை என வணிகவியல் நண்பர் நகைக்கக்கூடும். அதற்கு விடை பின்னர்க் கூறுவோம்.

ஒருவர் எழுதிய கணக்கைப் பிறர் கேட்டு ஆராய்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியர் ஆகார் என விதிக்கின்றது. ஆராய்வோனுடைய தகுதியைத் தேர்வு வைத்து அளத்தலோ பிற்காலத்து வழக்கம். பம்பாய் அரசினர் 1918-இல் கணக்கியலில் ஒரு டிப்ளமாவை ஏற்படுத்தினர். 1932-இல் எழுந்த விதிகளின்படி ‘பதிவு பெற்ற கணக்கர்’ என்னும் நிலை தோன்றிற்று. 1949 ஜூலை முதல் நாளன்று பட்டயக் கணக்கர் சட்டம் நடைமுறைக்கு வந்து, இன்று யாம் சி.ஏ. என வழங்கும் முறை நிலைபெற்றது.

இவ்வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்மணியின் வழக்கை மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் தகும். சென்னையில் 1907-இல் பிறந்த ஆர். சிவபோகம் அம்மையார் சகோதரி சுப்புலட்சுமியின் மாணவியர். இராணி மேரிக் கல்லூரியிற் பயின்றவர். சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர். மேற்கூறிய டிப்ளமாவில் 1933-இல் தேறினார். இந்தியப் பெண்டிருள் அதில் முதலிற் தேறியவர் அவரே. தேறியும் என்? சிறை சென்றோர் கணக்கராகப் பதிவு பெறலாகாது என்னும் தடை குறுக்கே நின்றது. அம்மையார் நீதிமன்றத்தை நாடித் தடையை நீக்கிக்கொண்டு, 1937-இல் தனியே தொழில் தொடங்கினார். அறிவு 1933-இலேயே இருந்தது. பிறர் கணக்கின்கீழ்த் தம் கையொப்பத்தை இடும் உரிமையே பின்னர்க் கிடைத்தது. தேர்ச்சி வேறு, உரிமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பின்னாளில், 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்கர் கழகத்தின் தென்னிந்தியக் குழுவிற்கு அவர் தலைமை பூண்டார்.

இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, நம் மாவட்டத்துப் பஞ்சாலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அது கம்பெனியாகப் பதிவு பெற்றிருப்பின், அதன் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிடுவோர் பட்டயக் கணக்கராகவே இருத்தல் வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு. அவரும் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. கழகத்தில் உறுப்பினராகித் தொழில் நடத்துதற்குரிய சான்றும் பெற்றிருத்தல் வேண்டும். 2019 முதல் அவர் இடும் ஒவ்வொரு கையொப்பத்திற்கும் 18 இலக்கமுடைய தனி எண் ஒன்று கழகத்தின் ஏட்டிற் பதிவாகின்றது. எனவே போலிக் கையொப்பத்தை எவரும் சோதித்து அறியலாம். அவ்வாலையின் விற்றுமுதல் 100 கோடி ரூபாயை எட்டி, வேறு சில நிபந்தனைகளும் பொருந்துமாயின், நூலின் அடக்கவிலையைத் தணிக்கை செய்ய அடக்கவிலைக் கணக்கரை, அஃதாவது சி.எம்.ஏ. பெற்றவரை, அமர்த்துதல் வேண்டும். அக்கழகத்தின் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. பெரிய கம்பெனிகளின் செயலர் தணிக்கை சி.எஸ். என்பார்க்கு உரியது. உள்தணிக்கை மட்டும் சற்று விரிந்த வாயில்: பட்டயக் கணக்கரோ அடக்கவிலைக் கணக்கரோ, இயக்குநர் குழு தக்கார் எனக் கருதும் பிறரோ அதனைச் செய்யலாம்.

இனி அயல்நாட்டுத் தேர்வுகள். இலண்டனில் 1904-இல் தோன்றிய கழகத்தின் ஏ.சி.சி.ஏ. பல நாடுகளில் மதிக்கப்படுவது; பன்னாட்டு நிறுவனங்களின் சென்னை, பெங்களூர் அலுவலகங்களிலும் வேலைக்கு உதவுவது. எனினும் அதனை மட்டும் பெற்றவர் மேற்சொன்ன பஞ்சாலையின் ஆண்டுக் கணக்கிற் கையொப்பமிடல் இயலாது. உள்தணிக்கையாளர்க்குரிய சி.ஐ.ஏ. மூன்று பகுதிகளை உடையது. கணினி முறைகளைத் தணிக்கை செய்வார்க்கு உரியது சி.ஐ.எஸ்.ஏ.; முதலீட்டு ஆய்வாளர்க்கு உரியது, மூன்று படிகள் கொண்ட சி.எப்.ஏ. இவற்றை யாம் இகழவில்லை. முன்னரே வேலையில் அமர்ந்தவர் மேலும் உயர்தற்கு இவை ஏணிகள். ஏணியை நிறுத்தத் தரையும் சுவரும் இல்லாத இளைஞர் அதனைத் தோளிற் சுமந்து திரிவதாற் பயன் என்னை? சி.ஐ.எஸ்.ஏ. தேர்வில் தேறினும் ஐந்தாண்டுத் தொழிலனுபவம் காட்டினாலன்றிச் சான்று கிடையாது. கல்வி முதலியவற்றுக்காக அதிற் சில ஆண்டு கழிக்கப்படும், அவ்வளவே. இவற்றின் கட்டணமும் அயல்நாட்டு நாணயத்தில் அமைதலின், ரூபாயின் மதிப்புக் குறையும்போதெல்லாம் மாணவனுக்குச் சுமை ஏறும்.

பாங்கியில் வேலை பெற்றோர்க்கு வழி எளிது. 1928-இல் நிறுவப்பட்ட இந்தியப் பாங்கியாளர் கழகம் (இந்நாளில் அதன் பெயர் மாறியுள்ளது) நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்னும் இரண்டும் செலவு குறைந்தவை. தேறினார்க்குப் பாங்கிகள் ஊதிய ஏற்றமும் தருகின்றன. அருகில் உள்ள இவற்றை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ளவற்றைத் தேடுவாரும் உளர்.

நண்பர் நகைப்பிற்கு விடை இனிக் கூறுவோம். சி.ஏ. வணிகவியலார்க்கு மட்டும் உரியதன்று. வணிகப் பட்டதாரி நூற்றுக்கு 55 பெற்றிருப்பின் முதற் தேர்வை எழுதாது நேரே இடைநிலைக்குச் செல்லலாம். தமிழோ வரலாறோ பயின்ற பட்டதாரியும் 60 பெற்றிருப்பின் அவ்வாறே செல்லலாம். இடைநிலையில் ஆறு தாள்கள், இறுதியில் ஆறு தாள்கள். ஒவ்வொரு தாளிலும் 40-உம், கூட்டில் நூற்றுக்கு 50-உம் பெறல் வேண்டும். ஆடிட்டர் ஒருவரிடம் இருந்து பழகும் பயிற்சிக்காலம் 2023-ஆம் ஆண்டுத் திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. அப்பயிற்சியில் உதவித்தொகை உண்டாயினும், வெளியூரில் அறையெடுத்துத் தங்குவார்க்கு அது போதாது. ஆகவே வீட்டினின்று போய்வரும் தொலைவில் ஆடிட்டர் ஒருவரை நாடுதல் நன்று. பெருநகரத்துப் பேர்பெற்ற நிறுவனத்தில்தான் தொழில் படியும் என்பதும் மெய்யன்று. சிறிய அலுவலகத்தில் வரி, தணிக்கை, பதிவு ஆகிய எல்லாமே மாணவன் கைப்படும்.

ஒரு குறை மட்டும் எம்மனோர்க்கு உண்டு. இத்தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதலாம். தமிழில் எழுத இடமில்லை. ஆகலின் தமிழ் மாணவர் இதனை நாடுவராயின், பட்ட வகுப்பின் இறுதியாண்டிலேயே கணக்கியலின் தொடக்க நூலொன்றை ஆங்கிலத்திற் படித்து, நாளும் ஒரு பக்கமேனும் விடை எழுதிப் பழகுதல் வேண்டும்.