மேசை மேல் ஒரு ஸ்பிட்ஃபயர்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வானைக் காத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானம், இறக்கையின் முனைக்கு முனை சுமார் 11.2 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 15.6 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950-களில் இந்த அளவில்தான் ஸ்பிட்ஃபயர் மாதிரியை விற்கத் தொடங்கியது.

மாதிரியின் பாகங்களை ஒட்டுவது எளிது. இணைப்புக் கோட்டைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து மறைப்பதில்தான் பொறுமை சோதிக்கப்படும். விமானி அறைக்கு முதலிலேயே வண்ணம் பூசிவிட வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டியபின் தூரிகை உள்ளே நுழையாது.

1944 ஜூனில், நார்மண்டி படையெடுப்பின்போது சொந்தத் தரப்பே சுட்டுவிடாமலிருக்க, நேச நாட்டு விமானங்களில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்தார்கள். அவசர வேலை, பலவற்றில் கையால் பூசியதால் ஓரங்கள் கோணின. ஆக, மாதிரியில் இந்தப் பட்டைகளை அடிக்கோல் வைத்தாற்போல் நேராகப் பூசுகிறவர்தான் இங்கே உண்மையிலிருந்து விலகுகிறார்!