வேவ் ஹில் வேலைநிறுத்தம்

வேவ் ஹில் வேலைநிறுத்தம் என்பது ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்திலுள்ள வேவ் ஹில் கால்நடைப் பண்ணையில், 1966 ஆகஸ்டு 23 அன்று பழங்குடித் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டம் ஆகும். குரிண்ட்ஜி மக்களின் தலைவர் வின்சென்ட் லிங்கியாரி இதற்குத் தலைமை தாங்கினார். ஊதியக் கோரிக்கையுடன் தொடங்கிய இப்போராட்டம் நில உரிமைப் போராட்டமாக வளர்ந்தது. ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்கள் பழங்குடியினரின் உரிமைக்குத் துணைநின்ற நிகழ்வுகளுள் இது முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

பின்னணி

வேவ் ஹில் பண்ணை டார்வின் நகருக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில், குரிண்ட்ஜி மக்களின் மரபுவழி நிலத்தில் அமைந்திருந்தது. 1914 ஆம் ஆண்டில் இது பிரித்தானியாவின் வெஸ்டி நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதன்பின் குரிண்ட்ஜி மக்கள் தம் சொந்த நிலத்திலேயே மாடு மேய்ப்போராகவும் வீட்டுப் பணியாளராகவும் வேலை செய்தனர். அவர்களுக்குக் கிடைத்த பணம் வெள்ளைத் தொழிலாளரின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே. ஊதியத்தின் பெரும்பகுதி உணவுப் பங்கீடாகவே வழங்கப்பட்டது. குடியிருப்புகளில் முறையான தரையோ, குடிநீரோ, கழிப்பிடமோ இருக்கவில்லை.

தொழிற்சங்கத்தின் வழக்கு

டார்வினைத் தலைமையிடமாகக் கொண்டு 1927 இல் உருவான வட ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம், தொடக்கத்தில் பெரும்பாலும் வெள்ளைத் தொழிலாளரின் அமைப்பாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நிலை மெல்ல மாறியது. 1951 இல் டார்வினில் பழங்குடித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் தலைவர்களுள் ஒருவரான பிரெட் வாட்டர்ஸ் தொலைவிலுள்ள பாலைநிலக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். சங்கம் அவருக்கு ஆதரவாக உயர் நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை.

அக்காலத்தில் கால்நடைப் பண்ணைகளுக்கான ஊதிய விதிகள் பழங்குடியினருக்குப் பொருந்தவில்லை. இவ்விலக்கை நீக்கக் கோரி 1965 இல் இச்சங்கம் நடுவர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தது. பண்ணை உரிமையாளர்கள் சார்பில், பின்னாளில் ஆளுநர் நாயகமான ஜான் கெர் வாதிட்டார். ஆனால் பழங்குடித் தொழிலாளர் ஒருவரைக் கூடச் சங்கம் சாட்சியாக அழைக்கவில்லை. யாருடைய வாழ்வு பற்றிய வழக்கோ அவர்களின் குரல் அங்கு ஒலிக்கவில்லை என்பது பின்னர் எழுந்த முக்கியமான விமர்சனம்.

1966 மார்ச்சில் ஆணையம் சம ஊதியத்தை ஏற்றுக்கொண்டது. எனினும் அது 1968 டிசம்பர் 1 முதலே நடைமுறைக்கு வரும் என அறிவித்தது.

வெளிநடப்பு

இக்காலதாமதத்தைப் பழங்குடித் தொழிலாளர்கள் ஏற்கவில்லை. 1966 மே மாதம் நியூகாசில் வாட்டர்ஸ் பண்ணையில் முதல் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத் தலைமை போராட்டத்தை விரிவுபடுத்தத் தயங்கியது. எனினும் சங்கத்தின் பழங்குடி அமைப்பாளரான டெக்ஸ்டர் டேனியல்ஸ் பண்ணைத் தொழிலாளரைத் திரட்டுவதில் ஈடுபட்டார். டார்வின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த லிங்கியாரியை அவர் சந்தித்துப் பேசினார்.

ஆகஸ்டு 23 அன்று தொழிலாளரும் குடும்பத்தினருமாகச் சுமார் 200 பேர் பண்ணையை விட்டு வெளியேறினர். குரிண்ட்ஜி மக்களுடன் அண்டை இனக்குழுவினரும் இதில் இருந்தனர். முதலில் விக்டோரியா ஆற்றுப் படுகையில் தங்கிய அவர்கள், 1967 இல் தமக்குப் புனிதமான டகுராகு என்னும் இடத்தில் குடியேறினர்.

தொழிற்சங்க ஆதரவு

வேலையையும் உணவுப் பங்கீட்டையும் ஒருசேர இழந்தவர்களுக்கு வெளியுதவி இன்றியமையாததாக இருந்தது. டார்வின் துறைமுகத் தொழிலாளரான பிரையன் மேனிங், டேனியல்சுடனும் நடிகர் ராபர்ட் டுடவாலியுடனும் தம் பெட்போர்ட் சரக்குந்தில் உணவுப் பொருள்களைக் கொண்டு சென்றார். இத்தகைய பயணங்கள் பலமுறை தொடர்ந்தன. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தினர் நிதி திரட்டினர். நடிகர் சங்கம் டேனியல்ஸ் முதலியோர் தென்பகுதி நகரங்களில் உரையாற்ற ஏற்பாடு செய்தது. எழுத்தாளர் பிராங்க் ஹார்டி இப்போராட்டம் பற்றி 1968 இல் நூல் ஒன்றை வெளியிட்டார்.

ஊதியத்திலிருந்து நிலத்துக்கு

தொழிற்சங்கங்கள் இதனை முதலில் ஊதியச் சிக்கலாகவே கண்டன. குரிண்ட்ஜி மக்களுக்கோ, பறிபோன நிலத்தை மீட்பதே அடிப்படை நோக்கமாக இருந்தது. 1967 ஏப்ரலில் அவர்கள் ஆளுநர் நாயகம் கேசி பிரபுவுக்கு விண்ணப்பம் அனுப்பி, சுமார் 1,300 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் திருப்பித் தருமாறு கேட்டனர். ஜூன் மாதத்தில் அது மறுக்கப்பட்டது. அதன் பின்னும் அவர்கள் டகுராகுவை விட்டு அகலவில்லை. ஆதரவளித்த சங்கத்தினரும் நிலக் கோரிக்கையைத் தமதாக ஏற்றனர்.

சம ஊதியம் நடைமுறைக்கு வந்தபோது பல பண்ணைகள் பழங்குடித் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கின. அவர்களுடன் குடும்பங்களும் தம் மூதாதையர் நிலத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. நில உரிமை இல்லாத இடத்தில் ஊதிய உரிமை மட்டும் போதாது என்பதை இது காட்டியது.

விளைவுகள்

1975 ஆகஸ்டு 16 அன்று பிரதமர் காஃப் விட்லம் டகுராகுவுக்கு வந்து, 3,236 சதுர கிலோமீட்டர் நிலத்தின் குத்தகை ஆவணத்தை வழங்கினார். நிலம் திரும்பியதன் அடையாளமாக லிங்கியாரியின் கையில் ஒரு பிடி மண்ணை இட்டார். மெர்வின் பிஷப் எடுத்த அக்காட்சியின் ஒளிப்படம் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டில் வட ஆட்புலப் பழங்குடியினர் நில உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1986 இல் டகுராகு நிலத்தின் முழு உரிமையும் அம்மக்களுக்குக் கிடைத்தது.

வட ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் 1972 இல் வேறொரு சங்கத்துடன் இணைந்தது. லிங்கியாரி 1988 இல் காலமானார். அவர் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி உள்ளது. வெளிநடப்பு நடந்த பாதை 2007 இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேவ் ஹில் பண்ணைப் பகுதியில் குரிண்ட்ஜி மக்களின் மரபுவழி உரிமையை 2020 இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், டகுராகுவுக்கு அருகிலுள்ள கல்கரிண்ட்ஜியில் இப்போராட்டம் விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது.