தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர்

1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் ஒரு படம் வந்தது. மைசூர்ப் போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரரின் படம். நெற்றித் தோலைக் கீழே இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்திருந்தார்கள். புனேயில் அந்தச் சிகிச்சை நடந்தபோது இன்றைய மயக்க மருந்து எதுவும் கிடையாது. பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை வலி தெரியாமல் கிடத்திக்காட்ட இன்னும் அரை நூற்றாண்டுக்கும் மேல் பாக்கி இருந்தது.

இன்று மூக்குத் தண்டு வளைவுக்கோ சைனஸுக்கோ ஆபரேஷன் என்றால், பலருக்குக் கத்தியைவிட மயக்க மருந்தை நினைத்துத்தான் பயம். ‘எழுந்திருக்காமலே போய்விட்டால்?’, ‘பாதியில் முழிப்பு வந்துவிட்டால்?’

முதல் கேள்விக்குப் பதில் அந்த மருந்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் முதலில் ஏற்றப்படுவது புரோபோஃபால். சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் லெசித்தினும் கலந்திருப்பதால் பால்போல வெள்ளையாக இருக்கும். கை ரத்தநாளத்தில் ஏறும்போது கொஞ்சம் எரியும். அரை நிமிடத்தில் நினைவு போய்விடும். ஆனால், ஒரு முறை கொடுத்தால் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். மூளையிலிருந்து உடலின் மற்ற பகுதிகளுக்கு அது விரைவாகப் பரவிவிடுகிறது. அதனால் ஆபரேஷன் முடியும்வரை இந்த மருந்தையோ, மூச்சுவழி வாயுவையோ விடாமல் செலுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் மயக்கம் தெளியத் தொடங்கும். மயக்கத்தைக் கலையாமல் காப்பதற்குத்தான் பாடுபட வேண்டும்.

அந்தப் பாட்டைப் படுவதற்கென்றே தலைமாட்டில் ஒருவர் இருக்கிறார். ஊசி போட்டுவிட்டுப் போய்விடுபவர் அல்லர் மயக்கவியல் மருத்துவர். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு எல்லாம் அவர் கண்முன் ஓடிக்கொண்டிருக்கும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த முறையில் இயங்கும் விரல் கவ்வி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறையத் தொடங்கியதுமே குரல் கொடுக்கும்.

மூச்சுக்குழாயில் டியூப் வைப்பார்கள் என்று கேட்டதும் நடுங்குபவர்கள் உண்டு. மூக்கு ஆபரேஷனில் அந்த டியூப்தான் காவல். மூக்கில் கசியும் ரத்தம் தொண்டைக்குத்தான் இறங்கும். டியூபைச் சுற்றியுள்ள சிறு பலூன், அந்த ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் தடுக்கிறது. நினைவு போன பிறகே டியூபைச் செருகுவார்கள். ஓரிரு நாள் தொண்டை வலிக்கலாம்.

ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில், இடையில் நினைவு திரும்பியதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். ஆரோக்கியமானவர்களுக்கு மயக்க மருந்தால் மட்டுமே உயிர் போவது லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் மதிப்பிடப்படுகிறது.

உண்மையில் பலரைத் திணறடிப்பது விழித்தெழும் நேரம். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தால், கண் திறந்ததும் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். முட்டுவதில்லை, வாயால் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாளே மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுப் பழகிக்கொண்டால் அந்தப் பதற்றம் பாதி குறையும்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஆடும் பல், குறட்டை, வீசிங், புகைப்பழக்கம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன உறவினர் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். பொதுவாகச் சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதே காரணம். பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். காலையில் மறந்துபோய் ஒரு வாய் குடித்திருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் ஆபரேஷனைச் சில மணி நேரம் தள்ளிவைப்பார்கள்.