மீன் தொட்டியில் விரிசல்: ஒட்டுவதா, மாற்றுவதா?

காலையில் தீனி போடச் செல்லும்போது தொட்டியின் அடியில் ஈரம் தட்டுப்படுவது, வண்ணமீன் வளர்ப்போர் எவருக்கும் என்றேனும் நேரக்கூடியது. சென்னை கொளத்தூர் போன்று வண்ணமீன் உற்பத்தி மிகுந்த பகுதிகளில் ஏஞ்சல் மீன்களின் தாய் ஜோடிகளைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துக் குஞ்சு எடுப்போர் பலர் உள்ளனர். இவர்களுக்குத் தொட்டியைக் காட்டிலும் உள்ளே இருக்கும் ஜோடியே பெரிய முதல். ஏஞ்சல் மீன்கள் தாமாகவே துணை தேடிக் கொள்பவை. ஒன்று இறந்துவிட்டால் மற்றொன்றைக் கொண்டுவந்து விட்டவுடன் அது இணை சேர்ந்துவிடாது; பல மாதம் காத்திருக்க நேரிடும். ஆகவே விரிசல் கண்ட தொட்டியை என்ன செய்வது என்பது, ஒரு கண்ணாடித் துண்டின் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யத்தக்கதன்று.

முதலாவதாக மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஈரத் தரையில் நின்றுகொண்டு, மோட்டார் ஓடும் தொட்டிக்குள் கைவிடுதல் கூடாது. நீர் சூடேற்றும் ஹீட்டர் இருப்பின் அதை நிறுத்தி, ஆறவிட்ட பின்னரே நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். சூடான ஹீட்டர் நீருக்கு வெளியே வந்தால் வெடித்துவிடும். அடுத்து, தொட்டி நீரையே வாளியிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ எடுத்து மீன்களை அதில் விட்டுக் காற்றுக் குழாயைப் போட்டுவிடலாம். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவிவிடுதலும், உலர விடுதலும் பெருந்தவறு. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அப்பஞ்சில்தான் குடியிருக்கின்றன. அவை புதிதாகப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். பஞ்சைப் பழைய நீரிலேயே மிதக்க விட்டுவிட்டால், தொட்டி மாறினாலும் மீன்களுக்கு அதிர்ச்சி குறைவு.

அச்சமயம் ஏஞ்சல் மீன்கள் முட்டையிட்டிருந்தால்? முட்டை ஒட்டியுள்ள சிலேட்டுப் பலகையை நீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் ஏந்தி, அதே நீருடன் வேறு சிறு தொட்டிக்கு மாற்றலாம். முட்டையின்மேல் நேராகப் படாமல், அருகில் மெல்லிய காற்றோட்டம் இருக்க வேண்டும். பூசணம் பிடிக்காதிருக்க, இளநீலம் தெரியுமளவு மெத்திலின் புளூ சேர்ப்பது வழக்கம். சுமார் 2 நாளில் முட்டை பொரியும். தாய் மீன்கள் விசிறாத குறையைக் காற்றுக்கல் ஈடு செய்துவிடும்.

இனித் தொட்டியைப் பார்ப்போம். ஒழுகும் தொட்டி எல்லாம் உடைந்த தொட்டியன்று. பெரும்பாலும் கண்ணாடிகள் சேரும் மூலையில் உள்ள சிலிக்கான் பசை முதிர்ந்து பிரிந்திருக்கும். நீர் சொட்டும் இடமே ஓட்டை உள்ள இடம் என்றும் கொள்ளலாகாது. மேலே கசிந்த நீர் விளிம்பு வழியே ஓடி அடியில் சொட்டும். வெளிப்புறத்தை நன்கு துடைத்துச் செய்தித்தாளை ஒட்டி வைத்தால் முதலில் நனையும் இடம் தெரிந்துவிடும். மீன்களை மாற்றிய பின் நீர் தானே இறங்கி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அம்மட்டத்திலேயே கசிவு உள்ளது என்பதும் ஒரு குறிப்பு.

மூலைப் பசை மட்டும் பழுதெனில் தயங்காமல் செப்பனிடலாம். ஆனால் பழைய பசையின்மேல் புதுப் பசையைத் தடவுவதில் பயனில்லை. இறுகிய சிலிக்கானில் புதிய சிலிக்கான் சரிவரப் பிடிப்பதில்லை. உட்புறப் பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி, அசிட்டோன் கொண்டு துடைத்து, உலர்ந்த பின் புதிதாகப் பூச வேண்டும். குளியலறைக்கென விற்கும் பூசணக் கொல்லி கலந்த பசை மீனுக்கு நஞ்சு. இறுகும்போது காடி வாசனை அடிக்கும் சாதாரணக் கண்ணாடிப் பசையே ஏற்றது. அதிலும் பூசணக் கொல்லி கலவாததா என்று பார்த்து வாங்க வேண்டும். குறைந்தது 48 மணி நேரமும், பெரிய தொட்டிக்கு ஒரு வாரமும் காய விட வேண்டும்.

கண்ணாடியே விரிசல் விட்டிருந்தால் கணக்கு வேறு. நீரின் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததன்று, நீரின் உயரத்தைப் பொறுத்தது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியின் முன்கண்ணாடி, நீர் நிறைந்திருக்கையில் சுமார் 27 கிலோ விசையைத் தாங்குகிறது. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம் எனில் அது சுமார் 91 கிலோ. ஒன்றரை மடங்கு பெரிய தொட்டிக்கு மூன்று மடங்குக்கும் மேலான பாரம்! இப்பாரம் விரிசலின் நுனியில் குவிவதால் அது இன்று இல்லாவிடினும் நாளை நீளும். 2022 டிசம்பர் 16 அன்று ஜெர்மனியின் பெர்லின் நகர ஓட்டல் ஒன்றில் சுமார் 10 லட்சம் லிட்டர் கொண்ட அக்ரிலிக் மீன் தொட்டி விடியுமுன் வெடித்துச் சிதறி, அதிலிருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. அத்தொட்டி யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் விரிசலோ முன்னறிவிப்பேயாகும்.

சிறு தொட்டியில், அதுவும் மேல் விளிம்பை ஒட்டிய சிறு விரிசலாயின், ஒட்டுப் போடலாம். விரிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. அதிகமாக இருக்குமாறு அதே கனமுள்ள கண்ணாடித் துண்டை வெட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் சிலிக்கான் பரப்பி, உட்புறத்தில் ஒட்ட வேண்டும். உட்புறம் என்பது முக்கியம். அப்போதுதான் நீரே ஒட்டை அழுத்திப் பிடிக்கும். விரிசலின்மேல் பசையை மட்டும் இழுகி விடுவோர் உண்டு. அது ரப்பரைப் போன்றது. நீரை நிறுத்தும், கண்ணாடிக்கு வலுவைத் தராது.

அடிக் கண்ணாடி விரிந்தாலும், பெரிய தொட்டியின் முன், பின் கண்ணாடி விரிந்தாலும் ஒட்டு வேலையை நம்புதல் கூடாது. அக்கண்ணாடியை முழுவதும் எடுத்துப் புதியது பொருத்தலாம். தொட்டி செய்பவரிடம் அதற்கான கூலியையும், புதுத் தொட்டியின் விலையையும் சேர்த்தே கேட்டுக் கொள்வது நலம். செலவு புதுத் தொட்டி விலையில் பாதியைத் தாண்டினால், மற்ற மூன்று பக்கப் பசையும் பழையதே என்பதை நினைத்துப் புதியதையே வாங்கிவிடலாம். பதப்படுத்திய டஃபன்டு கண்ணாடிக்கு இந்த யோசனையே தேவையில்லை. அது விரிசல் விடுவதில்லை, உடைந்தால் ஒரே நொடியில் தூளாகிவிடும்.

மேற்பாதியில் ஒட்டுப் போட்ட தொட்டியைக் குஞ்சு வளர்க்கப் பாதி நீருடன் பயன்படுத்தலாம். நீர் உயரம் பாதியானால் விசை கால் பங்காகக் குறைகிறது. இளங்குஞ்சுகளுக்கு 15 முதல் 20 செ.மீ. நீரே போதும்.

புதுத் தொட்டியைப் பழைய ஸ்டாண்டில் அப்படியே ஏற்றிவிடுதல் சிலரது வழக்கம். முந்தியது ஏன் விரிந்தது என்று பார்ப்பதேயில்லை! ஸ்டாண்டு ஒரு பக்கம் தாழ்ந்திருத்தல், அடியில் சிறு கல் சிக்கியிருத்தல், நீருடன் தொட்டியை நகர்த்துதல் ஆகியவையே பல தொட்டிகளைக் கெடுத்தவை. ரசமட்டம் வைத்து நான்கு மூலையையும் சரிபார்த்து, சட்டம் இல்லாத தொட்டியாயின் அடியில் தெர்மாகோல் தகடு விரித்து, அதன்மேல் வைக்க வேண்டும். முதலில் வாசலிலோ முற்றத்திலோ சமதளத்தில் மூன்று நாள் நீர் நிரப்பிச் சோதித்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, குளோரின் நீங்கிய நீரும் பழைய பஞ்சும் இட்ட பிறகே ஜோடியைத் திரும்ப விடலாம்.