முத்து வாங்கவா போகிறீர்கள்?

“தூத்துக்குடிக்குப் போய்விட்டு வருகிறேன்” என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷமே, “அப்படியானால் எனக்கு ஒரு முத்து மாலை!” என்று ஒரு குரல் வரும். “எனக்குக் காதுக்கு இரண்டே முத்து போதும்” என்று இன்னொரு குரல் சிக்கனமாகக் கேட்கும். மாமியாரோ, “பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறதே, விளைகிற இடத்திலேயே வாங்கினால் மலிவாக இருக்குமே!” என்பார்.

என் ஓரகத்தி வீட்டில் நடந்தது இதுதான். பிரயாணம் போன இடத்தில், கடற்கரை மணலில் கூடையோடு வந்த ஒருவர், “நேற்றுத்தான் கடலிலிருந்து எடுத்தது, அம்மா!” என்று சத்தியம் செய்தார். மகளின் கல்யாணச் சீருக்கென்று ஒற்றைச் சர மாலை ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவிட்டாள். ஆறே மாதம். பெண்ணின் புக்ககத்தில், நாலு பேர் இருக்கும்போது, மாலையின் பூச்சு உரிந்து உள்ளே கண்ணாடி மணி பல்லிளித்தது! பணம் போனது ஒரு பங்கு என்றால், சம்பந்தியம்மாள் முன்னால் தலை குனிந்தது ஒன்பது பங்கு.

ஆகவே, சகோதரிகளே, பெட்டி கட்டுமுன் ஒரு சமாச்சாரத்தை மனத்தில் முடிந்துகொள்ளுங்கள். தூத்துக்குடிக் கடலில் இப்போது யாரும் முத்துக் குளிப்பதில்லை. கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் வருஷத்தில். “நேற்று எடுத்தது” என்று யாராவது சொன்னால், புன்னகை செய்துவிட்டு மேலே நடந்துவிடுங்கள்.

“பின்னே அங்கே எதற்குப் போவது?” என்கிறீர்களா? சொல்லுகிறேன், கேளுங்கள்.

முத்து எங்கே போயிற்று?

பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கையின் புகழைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இங்கே முத்துக்குளிப்பு நடந்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன் வாயை மந்திரத்தால் கட்டுபவருக்கு! பிரிட்டிஷார் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு சிப்பிதான் குளித்தவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு.

குளிப்பது என்றால் நம் வீட்டுக் கிணற்றடிக் குளியல் அல்ல. கடலுக்கு அடியில் சிப்பி படுத்திருக்கும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். இடுப்பில் கயிறு, கையில் பை, காலுக்குக் கனமான கல். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அடங்கிய மூச்சு தீருவதற்குள் சிப்பியை வாரிப் பையில் போட்டு, கயிற்றை அசைக்க வேண்டும். மேலே படகில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். அவர் கொஞ்சம் அயர்ந்தால் கீழே இருப்பவர் கதி அதோகதிதான். அதனால்தான், கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலி அல்லவா அந்தக் கயிற்றின் நுனியில் இருக்கிறது!

பார்களில் எல்லா வருஷமும் சிப்பி தேறாது. தொடர்ந்து பல வருஷங்கள் வெறுமையாகக் கிடந்ததும் உண்டு. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றே போயிற்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1973-இல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இந்தியாவிலேயே முதன்முறையாக வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்துக் கடலில் வளர்த்தால், சிப்பி அந்த மணியின்மேல் பூச்சுப் பூச்சாக முத்துப் பொருளைச் சுரந்து மூடிவிடுகிறது.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு

இன்று நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துக்களே. அதிலும் சீன தேசத்து நன்னீர் முத்துக்கள்தான் அதிகம். அதில் தவறொன்றும் இல்லை. அவையும் சிப்பியில் விளைந்தவைதான். ஆனால் ‘தூத்துக்குடிக் கடல் முத்து’ என்ற விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

சிப்பி முத்தா, வெறும் மணியா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. முன்பல்லின் ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சிப்பி முத்து சற்றே நறநறக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழவழவென்று வழுக்கும். ஆனால் இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதைப் பல்லும் சொல்லாது, கண்ணும் சொல்லாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பரிசோதனைச்சாலைதான் சொல்லும். ஆகவே ரசீது தராத இடத்தில் முத்து வாங்க வேண்டாம்.

வலம்புரிச் சங்கு விஷயத்திலும் ஜாக்கிரதை! அமெரிக்கக் கடலில் ஒருவகைச் சங்கு இயற்கையாகவே அந்தப் பக்கம் சுழித்துக்கொண்டு விளைகிறது. அதை வலம்புரி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வாய்க்குள் எட்டிப் பாருங்கள். நம் சங்கின் நடுத்தண்டில் வரிசையாக மடிப்பு மடிப்பாக மேடுகள் இருக்கும். அந்த அமெரிக்கச் சங்கில் அவை இரா.

பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வைத்திருப்பதே குற்றம்.

எப்போது போகலாம்?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை உத்தமம். சென்னை எழும்பூரில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் தூத்துக்குடியில் இறங்கலாம். விமானத்தில் வருகிறவர்கள் வாகைக்குளத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் ஊருக்குள் வரவேண்டும்.

ஏப்ரல், மே வெயிலைக் குழந்தைகள் தாங்கமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு. மீன் பிரியர்கள் ஏமாந்து போவார்கள். நவம்பர், டிசம்பரில் போவதானால் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தவித்தார்கள்.

பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. அதைப் பார்க்க ஆசைப்பட்டால் தங்கும் அறையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

ஊருக்குள்ளே

முதல் நாள் காலையில் அந்தப் பனிமய மாதா கோயிலிலிருந்தே தொடங்குங்கள். பனி என்றால் என்னவென்றே அறியாத ஊரில் பனிமய மாதாவா? ரோமாபுரியில் ஆகஸ்ட் மாதக் கோடையில் ஒரு குன்றின்மேல் பனி பொழிந்ததாக ஓர் ஐதீகம். அந்த மாதாவின் பெயர் அது. இங்குள்ள சொரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கடல் கடந்து வந்ததாக ஐதீகம். கோயில் 1713-இல் எழும்பியது. 1982-இல் பேராலய அந்தஸ்துப் பெற்றது. முத்துக் குளித்த பரதவர் குடும்பங்களின் தாய்க்கோயில் இது. கடலுக்குப் போனவர் கரை திரும்பவேண்டுமே என்று எத்தனை தலைமுறைப் பெண்கள் இங்கே மண்டியிட்டிருப்பார்கள்!

பிறகு பழைய துறைமுகப் பக்கம் போய்த் தோணிகளைப் பாருங்கள். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தத் தூத்துக்குடியிலிருந்துதான். 1974-இல் திறந்த புதிய துறைமுகத்துக்கு 2011-இல் அவர் பெயரையே வைத்தார்கள். அதற்குள்ளே அனுமதியில்லாமல் விடமாட்டார்கள். வாசலில் நின்று வாக்குவாதம் செய்து பிரயோஜனம் இல்லை.

மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் திரேஸ்புரம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள். பட்டுப்புடவையும் வேண்டாம்!

உப்பளங்களைக் காலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் விளைவதுதான். அந்தத் தகிப்பில் வெறுங்காலோடு உப்பு சுமக்கிறவர்களில் பாதிக்கு மேல் நம்மைப் போன்ற பெண்கள் என்பதை அங்கே நின்றால்தான் உணர முடிகிறது. படம் எடுக்குமுன், “எடுக்கலாமா, அக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மழை தொடங்கிவிட்டால் அவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

மாலையில் ரோச் பூங்காவிலோ முத்துநகர்க் கடற்கரையிலோ குழந்தைகளை ஓட விடலாம். இரவு சாப்பாட்டுக்கு வழி கேட்டால், “நல்ல நைட் கிளப் பக்கத்திலேயே இருக்கிறதே!” என்று சொல்லக்கூடும். பயந்துவிடாதீர்கள்! பட்டாயாவில்தான் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம். இந்த ஊரில் ‘நைட் கிளப்’ என்றால் பரோட்டாக் கடை. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றுவார்கள். குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம்.

கரையோரமாகத் தெற்கே

இரண்டாம் நாளுக்கு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். வழியில் கொற்கைக்குத் திரும்பலாம். அங்கே கடல் இல்லையே என்று திகைக்காதீர்கள். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. பாண்டியன் துறைமுகத்தில் இன்று வயலும் வாழையும்!

சுமார் 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். கோயிலுக்குள் கைப்பேசி கூடாது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கடலை ஒட்டியே இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இன்னும் தெற்கே குலசேகரன்பட்டினம். தசராவுக்குப் பெயர்போன இந்த ஊரில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கும் அப்பால் மணப்பாடு. மணல் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே நீலக் கடல். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையையும் காட்டுவார்கள்.

கடல் குளியலுக்கு ஒரே விதிதான்: உள்ளூர்க்காரர்கள் இறங்காத இடத்தில் நாமும் இறங்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. “தீவுக்குக் கொண்டுபோய் விடுகிறேன்” என்று யாராவது தனியாகப் படகு காட்டி அழைத்தால் ஏறாதீர்கள்.

பையில் என்ன கொண்டு வருவது?

முதலில் மக்ரூன். முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்துச் செய்வது. வாயில் போட்டால் கரைந்துவிடும். முட்டை சேர்க்காதவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரக் காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும். அடுத்து, உடன்குடிக் கருப்பட்டி. சுக்குக் காப்பிக்கு அதைவிட உசத்தி கிடையாது. மூன்றாவது, மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகள். வளையலும் வைக்கலாம், வெற்றிலையும் வைக்கலாம். நம்பகமான இடத்தில் வாங்கினால், இந்த மூன்றினாலும் தலைகுனிய நேராது. கொடுக்கிற காசும் செய்தவர் கைக்குப் போய்ச் சேரும்.

“முத்து எங்கே?” என்று வீட்டில் கேட்பார்களே! அதற்கும் பதில் இருக்கிறது. பீரோவில் பாட்டியின் பழைய முத்துத் தோடோ மூக்குத்தியோ ஏதாவது கிடக்கிறதா, பாருங்கள். 1961-க்கு முன் வாங்கியதானால், அது இந்தக் கடலில் விளைந்ததாகவே இருக்கலாம். மிருதுவான துணியால் துடையுங்கள். சென்டும் பவுடரும் வியர்வையும் முத்துக்கு ஆகா. ஆகவே அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போட்டுக்கொண்டு, வீடு வந்ததும் முதலில் கழற்றிவிடுங்கள். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கத் தோன்றினால், கூடவே அந்தக் கயிற்றுக் கதையையும் சொல்லிக் கொடுங்கள். அது கடலிலிருந்து வந்ததென்றால், அந்த ஒரு முத்துக்காக ஒருவர் மூச்சை அடக்கினார். இன்னொருவர் தங்கையை நினைத்துக்கொண்டு கயிற்றை இறுகப் பிடித்திருந்தார்.

என் ஓரகத்தி இப்போது அதைத்தான் செய்திருக்கிறாள். கண்ணாடி மாலை போன இடத்தில், அவள் மாமியாரின் ஒற்றை முத்து மூக்குத்தி மகளின் முகத்தில் மின்னுகிறது. சம்பந்தியம்மாள்கூட, “நல்ல பழைய முத்து!” என்று சொன்னாளாம்.