அநாதையல்லாத அநாதைகள்

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பது நம் முன்னோர் வாக்கு. பிச்சைக்கு மட்டுமன்று, தொண்டுக்கும் அவ்வாக்குப் பொருந்தும். ஈகின்ற கை தூயதாயிருப்பது மட்டும் போதாது. ஈவது எங்கே போய்ச் சேருகின்றது என்பதையும் கண் பார்த்திருத்தல் வேண்டும்.

மேலை நாடுகளிலே தேவாலயங்களைச் சேர்ந்த தொண்டர் குழுவினர், விடுமுறைக் காலத்தில் ஏழை நாடொன்றுக்குச் சென்று, அங்குள்ள அநாதை இல்லமொன்றிற் சில நாள் தங்கிப் பணிபுரிந்து திரும்புவது வழக்கமாகியுள்ளது. சுவருக்கு வர்ணம் பூசுவர், பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிப்பர், பந்து விளையாடுவர். பயணச் செலவுக்கென மாதக் கணக்கிற் பணம் சேர்ப்பவரும் உளர். அவர்களுடைய உள்ளத் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும், நல்லெண்ணம் ஒன்றே வழித்துணையாகப் புறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு, 2010ஆம் ஆண்டு ஹெயிட்டி நாட்டில் நிகழ்ந்ததொரு சம்பவம் சான்றாக நிற்கின்றது.

முப்பத்துமூன்று பிள்ளைகள்

அவ்வாண்டு ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டியின் தலைநகர்ப் பகுதியைக் கொடிய பூமியதிர்ச்சி தாக்கியது. மாண்டோர் தொகை இலட்சத்தைத் தாண்டியது. உலகெங்குமிருந்து உதவி புறப்பட்டது. அமெரிக்காவிலிருந்து பப்திஸ்து சபையைச் சேர்ந்த பதின்மரும் புறப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்துச் சபையினர். அநாதைப் பிள்ளைகளைத் திரட்டி, அயல் நாடாகிய டொமினிக்கன் குடியரசிலே இல்லமொன்று அமைத்து வளர்ப்பது அவர்களின் திட்டம்.

ஜனவரி 29ஆம் திகதி, முப்பத்துமூன்று பிள்ளைகளுடன் எல்லையைக் கடக்க முயன்றபோது அவர்கள் கைதாயினர். பிள்ளைகளுள் மூத்தவருக்கு வயது 12. இளையது சில மாதக் குழந்தை. நாட்டைவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுசெல்வதற்கு வேண்டிய அனுமதிப் பத்திரம் அவர்களிடம் இல்லை. பிள்ளைகள் தலைநகருக்கு அண்மையிலுள்ள சிறுவர் கிராமமொன்றில் ஒப்படைக்கப்பட்டனர். அங்கே ஒரு சிறுமி, தான் அநாதையல்லள் என்றும், தனக்குத் தாய் தந்தையர் உளரென்றும் அழுது சொன்னாள்.

அவள் சொன்னது மெய். செய்தியாளர்கள் ஊரூராகச் சென்று விசாரித்தபோது, அப்பிள்ளைகளுள் எவரும் பெற்றோரை முற்றாக இழந்தவரல்லர் என்பது தெரியவந்தது. குழுவினரில் எண்மர் பெப்ரவரியில் விடுதலையாயினர். தலைவியாயிருந்தவர் மே மாதம் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றார். அதுவரை சிறையிருந்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டது. பிள்ளைகளிற் பெரும்பாலோர் மார்ச்சு மாதத்திலேயே வீடு சேர்ந்தனர்.

பெற்றவர் ஏன் கொடுத்தனர்?

பிள்ளைகளிற் பலர் கலேபாசு என்னும் மலைக் கிராமத்தவர். பூமியதிர்ச்சியால் நலிந்த அவ்வூரார், தம் பிள்ளைகளைத் தாமே மனமுவந்து கையளித்ததாகக் கூறினர். பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்கும், விளையாட இடம் இருக்கும், நாமும் போய்ப் பார்த்து வரலாம் என்பதே அவர்கள் கொண்ட நம்பிக்கை. பிள்ளையை வெறுத்தவர்கள் அல்லர் அவர்கள். பிள்ளையின் பசியையும் எதிர்காலத்தையும் எண்ணி, நெஞ்சைக் கல்லாக்கிக் கொண்டவர்கள். அவர்களுக்குக் குறைவாயிருந்தது அன்பன்று; அரிசியும் கூரையும் பள்ளிக் கட்டணமுமே.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். அந்தப் பதின்மரின் பயணத்துக்கும், எடுத்த திட்டத்துக்கும் வேண்டிய பணத்திலே ஒரு பகுதி அக்குடும்பங்களின் கையைச் சேர்ந்திருப்பின், எத்தனை பிள்ளைகள் தாயின் மடியிலேயே இருந்து படித்திருப்பர்!

விருந்தினர் பெருக இல்லங்கள் பெருகின

இஃது ஒரு நாட்டுக் கதையன்று. கம்போடியாவில் 2005ஆம் ஆண்டு தொடக்கம் 2010 வரையுள்ள ஐந்தாண்டுகளிற் சிறுவர் இல்லங்களின் தொகை முக்காற் பங்கு அதிகரித்தது. போரும் கொள்ளைநோயும் இல்லாத காலத்தில் அநாதைகள் எங்ஙனம் பெருகினர்? ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் விடையைக் கண்டது. இல்லங்களிலிருந்த பிள்ளைகளில் நால்வருள் மூவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தார். பெருகியவர் அநாதைகளல்லர், உல்லாசப் பயணிகளும் தொண்டர்களுமே. அவர்கள் கொண்டுவரும் நன்கொடையை நாடிப் புதிய இல்லங்கள் முளைத்தன. அவற்றை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். சில இடங்களிலே வந்தோரை மகிழ்விக்கப் பிள்ளைகள் நடனமாடவும் நேர்ந்தது.

பணியாற்றித் திரும்பும் தொண்டர் இதனை அறியார். அவர் காண்பது, ஓடிவந்து கையைப் பற்றும் குழந்தையை மட்டுமே. 'எத்துணை அன்பு!' என்று நெகிழ்கிறார். ஆனால் முன்பின் அறியாதவர் மடியிலே தயக்கமின்றி ஏறியமரும் குழந்தை, நிலையான அணைப்புக் கிட்டாத குழந்தையாகவும் இருக்கலாம் என்பர் உளநூலார். இரண்டு வாரம் அன்பு காட்டியவர் மறைந்ததும், வேறொருவர் வருகின்றார், அவரும் மறைகின்றார். ஒவ்வொரு விடைபெறுதலும் அப்பிஞ்சு நெஞ்சுக்கு ஒரு பிரிவே.

வீடற்ற குழந்தைகளின் உளநலம் பற்றி, ஜோன் போல்பி என்னும் ஆங்கில உளமருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951ஆம் ஆண்டிலேயே அறிக்கை எழுதினார். மாறாத ஒருவரின் அன்பே குழந்தைக்கு உணவுபோல இன்றியமையாதது என்பது அதன் சாரம். ருமேனிய நாட்டிலே 2000ஆம் ஆண்டளவில் 136 குழந்தைகளைக் கொண்டு தொடங்கப்பட்ட ஆராய்ச்சியும், இல்லத்தில் வளர்ந்தோரைவிட வளர்ப்புக் குடும்பங்களை அடைந்தோர் நன்கு தேறினர் என்பதை நிறுவியது. அதிலும் இரண்டு வயதுக்கு முன் சேர்ந்தோரே மிகுதியும் தேறினர்.

வழி யாது?

வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என 2009ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற நெறிமுறைகள் கூறுகின்றன. இந்நெறி நமக்குப் புதிதன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளிற் பெரும்பாலோரை ஏற்று வளர்த்தவர்கள் பெரியம்மாவும் சித்தியும் மாமனும் அம்மம்மாவுமே. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய வளர்ப்புக்கு ஒழுங்கு செய்தது.

மெய்யாகவே ஆதரவற்ற குழந்தைகள் உளர். அவர்களைப் பேணும் நல்ல இல்லங்களும் உள. தொண்டு வேண்டாமென்று நாம் கூறவில்லை. கடல் கடந்து தொண்டு செய்ய விழையும் மாணவர், புறப்படுமுன் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். இப்பிள்ளையின் தாய் எங்கே? அவள் பிள்ளையை வைத்துப் பேணுவதற்கு என்ன குறை? அக்குறையை நீக்க என் பயணச் செலவு உதவாதா? இவற்றுக்கு விடை காணாது ஏறும் கப்பலும் விமானமும் நம்மை அடுத்த நாட்டுக்குக் கொண்டுசெல்லலாம். அந்தப் பிள்ளையை அவள் தாயிடம் கொண்டுசெல்ல மாட்டா.