மடியில் ஓர் அடுப்பு!

மடிக்கணினி என்று பெயர் வைத்த புண்ணியவான், அதை ஒரு நாளாவது மடியில் வைத்துப் பார்த்திருப்பாரா? எனக்குச் சந்தேகந்தான்!

சென்ற கோடையில் ஒரு நாள், மாலைக்குள் முடித்தாக வேண்டிய கட்டுரையோடு என் சின்னஞ்சிறு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வேட்டியைத் தாண்டிச் சூடு உறைத்தது. உள்ளேயிருந்த விசிறி ஓலமிட்டது. ஓர் எழுத்தைத் தட்டினால், அது யோசித்து யோசித்துத் திரையில் வந்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அதன் மேலேயே தோசை வார்த்து விடட்டுமா? காஸாவது மிச்சமாகும்!" என்றாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து உண்டென்றால் மேலே படியுங்கள்.

கணினியின் மூளை 'ப்ராஸஸர்' என்னும் சிறு சில்லு. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய ஸ்விட்சுகள் ஓயாமல் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மின்சாரம் உஷ்ணமாக மாறுகிறது. சிறிய கணினியில் விசிறியும் சிறிது. காற்றுக்கு வழியும் குறைவு. இன்டெல் கம்பெனியின் பல மடிக்கணினிச் சில்லுகளுக்கு 100 டிகிரி சென்டிகிரேட் எல்லை. அதை நெருங்கியதும், சில்லு தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைத்து விடுகிறது. என் எழுத்துக்கள் நொண்டியதன் ரகசியம் இதுதான்!

இதற்கு ஒரு வழி உண்டு. வேகத்தைக் குறைக்காமல், சில்லுக்குப் போகும் வோல்டேஜை மட்டும் துளி குறைப்பது. ஸ்விட்சுகள் செலவிடும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 வோல்ட்டை 0.9 வோல்ட் ஆக்கினால், குறைவது பத்தில் ஒரு பங்கு மட்டுமல்ல, 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.81. அதாவது 19 சதவிகிதம் மிச்சம்!

"அப்படியானால் தொழிற்சாலையில் ஏன் அதிகம் கொடுத்தார்கள்?" என்று கேட்பீர்கள். ஒரே தட்டில் பிறந்த சில்லுகளும் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை. அவற்றில் நோஞ்சானும் பல வருஷம் தடுமாறாமல் உழைக்க வேண்டுமே! வளரும் பிள்ளையின் சட்டையைச் சற்றுத் தாராளமாகத் தைப்பது போல, வோல்டேஜையும் தாராளமாக வைக்கிறார்கள். அந்த உபரியைத்தான் நாம் பிடித்துக் கொள்கிறோம்.

முதலில் காற்றுத் துவாரத்துத் தூசியைத் துடையுங்கள். மெத்தையின் மேல் கணினியை வைக்காதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால், 'த்ராட்டில்ஸ்டாப்' போன்ற செயலியில் 'கோர்', 'கேஷ்' இரண்டுக்கும் ஒரே அளவாக 30 மில்லிவோல்ட் குறையுங்கள். கணினிக்குக் கடும் வேலை கொடுத்துச் சோதியுங்கள். சரியாக இருந்தால் இன்னும் 10. பிறகு இன்னும் 10. ஆனால் கணினி துவங்கும்போதே இது தானாக அமலாகும்படி முதலிலேயே செய்து விடாதீர்கள். தடுமாறினால், அணைத்துப் போட்டதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமல்லவா?

நான் 80 வரை சுகமாகப் போனேன். ஆசை யாரை விட்டது? 100 என்றேன். திரை அப்படியே உறைந்தது. சேமித்து வைக்காத இரண்டு பாராக்கள் போயே போய்விட்டன! உறைவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமலே கணக்கு பிசகினால், வரவு செலவுத் தாள்களும் குழந்தைகளின் புகைப்படங்களும் கெட்டுப் போகலாம். ஆகையால் சோதிக்குமுன் முக்கியமானவற்றுக்கு வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். தடுமாறிய இடத்திலிருந்து நன்றாகவே பின்வாங்குங்கள். நான் 70-க்கு இறங்கினேன்.

எல்லாக் கணினிகளிலும் இது நடக்காது. 2019-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம், கிராஸ், லூவன் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள், வோல்டேஜைக் குறைத்தே சில்லின் ரகசியப் பெட்டகத்தை உடைக்கலாம் என்று காட்டினார்கள். அந்தத் தந்திரத்துக்கு 'ப்ளண்டர்வோல்ட்' என்று பெயர். அதன் பின் பல கணினிகளில் இந்தக் கதவைப் பூட்டி விட்டார்கள். உங்களுடையதில் பூட்டியிருந்தால் உடைக்கப் பார்க்காதீர்கள். பூட்டு திருடனுக்காகப் போட்டது.

என் கணினியில் கதவு திறந்திருந்தது. தொண்ணூறைத் தாண்டி நின்ற சூடு இப்போது எண்பதை ஒட்டி நிற்கிறது, வேகமும் நொண்டுவதில்லை. மனைவி தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இனிமேல் தோசைக்குக் காஸ்தான்!"